மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்! தெரியுமா?

சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் மதுரை கிட்டமா, யாழ்ப்பாணம் கிட்டமா? யாழ்ப்பாணம்தான்! வான்வழியில் மதுரை சுமார் 418 கி.மீ., கோவை 404 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ வெறும் 355 கி.மீ.! தி.நகருக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் மதுரைக்காரரைவிட யாழ்ப்பாணத்துக்காரர் நமக்குப் பக்கத்துக்காரர்!

இதை மனக்கணக்காகவே போடலாம், தெரியுமா? சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 டிகிரியில், இருக்கின்றன. அட்சரேகை வித்தியாசம் 3.2 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கிப் பாருங்கள்!

சென்னையிலிருந்து நியூயார்க்குக்குக் குறுக்கு வழி எது? அரேபியா, ஆப்பிரிக்கா என்று மேற்கே கை காட்டுவீர்கள். கிடையவே கிடையாது! உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, ரஷ்யா, நார்வே தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே நுழைந்து இறங்கும்! தூரம் சுமார் 13,500 கி.மீ.!

சிங்கப்பூரில் காலை 8 மணிக்குப் புறப்படுகிறீர்கள். நாலு மணி நேரப் பறப்பு. சென்னையில் மணி என்ன? பன்னிரண்டா? இல்லை, ஒன்பதரைதான்! அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறதே!

அடையாறு மொட்டை மாடிக்கு மேலே தாழப் பறந்து வருகிற விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? இறங்கும் சரிவு வழக்கமாக 3 டிகிரி. ஓடுபாதைக்கு 8 கி.மீ. இருக்கும்போது உயரம் சுமார் 420 மீட்டர்தான்!

இந்தத் தூரக் கணக்குக்கெல்லாம் பூமியின் அளவு தெரிய வேண்டும் அல்லவா? இந்தியாவில் அதை அளக்கும் மாபெரும் வேலை எங்கே தொடங்கியது தெரியுமா? விமான நிலையத்துக்கு எதிரே நிற்கும் நம் பரங்கிமலைப் பக்கம்! 1802 ஏப்ரல் 10. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியோடு பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. தூரம். அதற்கு 57 நாள்! சித்திரை, வைகாசி வெயிலில்! அவர் வரவழைத்த, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை மட்டும் அரை டன்! இந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, இமயமலை வரை போனார்கள்! சென்னைக்காரர் ஒவ்வொருவரும் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் பரங்கிமலை.

விமானத்துக்கே திரும்புவோம். 1932 அக்டோபரில் டாடாவின் முதல் தபால் விமானம் பம்பாயிலிருந்து மதராஸ் வந்தபோது, நடுவில் பெல்லாரியில் ராத்தங்கல்! இன்று? சுமார் இரண்டு மணி நேரம்தான்!

பறக்கும் நேரத்தைக் கணிக்க எளிய வழி தெரியுமா? தூரத்தை 800-ஆல் வகுங்கள், ஏறி இறங்க அரை மணி சேருங்கள். சென்னையிலிருந்து டெல்லி 1,760 கி.மீ.: இரண்டே முக்கால் மணி, ஏறக்குறைய அட்டவணையில் இருப்பதேதான்! அந்தமானின் ஸ்ரீ விஜயபுரம் (பழைய பெயர் போர்ட் பிளேர்) 1,370 கி.மீ. எங்கே, போடுங்கள் பார்க்கலாம்!