மாணவர் கற்றலில் இலக்கு அமைத்தலும் பொறுப்பேற்றலும்

முன்னுரை

'நன்றாகப் படி' என்பது வகுப்பறைகளில் மிகுதியாகக் கேட்கப்படும் அறிவுரையாகும். எதனை, எவ்வளவு, எப்போதைக்குள் என்னும் மூன்றையும் அது கூறுவதில்லை. 'பொதுத்தேர்வில் 90 மதிப்பெண் பெற வேண்டும்' என்பது அளவைச் சுட்டினும், இன்று மாலை செய்ய வேண்டியது யாது என்பதைச் சுட்டுவதில்லை. எட்டாத் தொலைவில் நிற்கும் இலக்கை நோக்கி முயன்று மீண்டும் மீண்டும் தோற்கும் மாணவர், குறையை இலக்கின் அமைப்பில் காணாமல் தம் அறிவில் காண்கிறார். 'எனக்குக் கணக்கு வராது' என்னும் முடிவு பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது. இந்நிலையைத் தவிர்க்கும் வகையில் இலக்கை அமைக்கும் முறையையும், அப்பொறுப்பு மாணவரிடம் சென்று சேரும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கின் இயல்பு

இலக்கு அமைத்தல் கோட்பாட்டை எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர் 1990ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவினர். 'இயன்றதைச் செய்' என்னும் பொதுக் கூற்றைவிடத் தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே மிகுந்த பயன் தரும் என்பது அதன் சாரம். ஆயினும் அவ்விலக்கை எட்டும் திறனும், அதன்பால் ஈடுபாடும், முன்னேற்றத்தை அறியும் வாய்ப்பும் உடன் அமைதல் வேண்டும். எனவே, நடைமுறைக்கு உகந்த இலக்கு என்பது எளிய இலக்கன்று. முயன்றால் எட்டக்கூடிய இலக்காகும்.

அண்மை இலக்கும் சேய்மை இலக்கும்

ஆல்பர்ட் பாண்டுரா, டேல் ஷங்க் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. கணிதத்தில் பின்தங்கி ஆர்வமும் இழந்திருந்த 40 குழந்தைகளுக்குக் கழித்தல் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அமர்வுக்கு 6 பக்கங்கள் என்றும், மற்றொரு பிரிவினருக்கு 7 அமர்வுகளின் முடிவில் 42 பக்கங்கள் என்றும் இலக்கு குறிக்கப்பட்டது. இரண்டிலும் மொத்தப் பணி ஒன்றே. அண்மை இலக்குப் பெற்றோர் திறனிலும் தன்னம்பிக்கையிலும் ஆர்வத்திலும் உயர்ந்தனர். சேய்மை இலக்கோ குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. வேலையைக் குறைக்காமல், தொலைவைப் பகுத்ததே வேறுபாட்டிற்குக் காரணமாயிற்று.

இலக்கின் உரிமை

ஷங்க் 1985இல் கற்றல் குறைபாடுடைய ஆறாம் வகுப்பு மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வில், தம் இலக்கைத் தாமே வகுத்தோர் பிறர் வகுத்த இலக்கை ஏற்றோரைவிடச் சிறந்து விளங்கினர். தானே வகுத்த இலக்கு மாணவரின் சொந்த உறுதிமொழியாகிறது.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறை இவ்வுரிமைக்கு ஓரளவு இடமளித்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கல்வி மையத்தில் உருவான அணுகுமுறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. பாடம் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு 'கற்றல் ஏணி'யில் காட்டப்பட்டது. குழந்தை தன் படியை ஏணியில் கண்டு, உரிய அட்டையைத் தானே எடுத்துப் பயின்றது. விடுப்புக்குப்பின் திரும்பினும் விட்ட இடத்திலிருந்தே தொடர இயன்றது. படிகளின் வரிசை முன்னரே வகுக்கப்பட்டதாயினும், தன் நிலையும் வேகமும் குழந்தைக்குப் புலப்பட்டன.

வகுப்பறைப் பயன்பாடு

பாரி சிம்மர்மன் தன்னெறிக் கற்றலை முன்திட்டம், செயற்பாடு, மீள்நோக்கு என மூன்று கட்டங்களாகப் பகுப்பார். தமிழ்ப் பாடத்தில் இதனைப் பின்வருமாறு பொருத்தலாம். மாணவர் தம் முந்தைய மூன்று கட்டுரைகளில் உள்ள பிழைகளைத் தாமே எண்ணுகிறார். ல, ள, ழ மயக்கமே மிகுதி எனக் காண்கிறார். நாளொன்றுக்கு 5 சொற்கள் பயின்று, வெள்ளியன்று சொல்வதெழுதுதலில் 20 சொற்களுள் 15ஐப் பிழையின்றி எழுதுவது எனத் தீர்மானிக்கிறார். விளைவு 9 எனில், 'ஏன் குறைந்தது?' என்னும் வினாவைவிட 'அடுத்த வாரம் எதனை மாற்றுவாய்?' என்னும் வினாவே பயன் தரும். எண்ணிக்கையை மாற்றுவதா, பயிலும் முறையை மாற்றுவதா என்பதை மாணவரே முடிவு செய்தல் வேண்டும். இலக்கு மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ அமையும்போது வினாக்களின்வழி நெறிப்படுத்துவது ஆசிரியர் பணியாகும்.

முடிவுரை

இலக்கைச் சிறிதாக்குவது மாணவரின் கனவைச் சிறிதாக்குவதன்று. தம் நிலையைத் தாமே அளந்து, அடுத்த அடியைத் தாமே தேர்ந்து, விளைவைத் தாமே மதிப்பிடும் பழக்கம் பள்ளிக்குப் பின்னும் நிலைக்கும். ஆசிரியர் உடனில்லாத இடத்திலும் கற்றல் தொடர்வதற்கு அப்பழக்கமே அடிப்படையாகும்.