யானைக்காதுச் செடி: பூவுக்காக அல்ல, இலைக்காக

சேம்புக்கு நெருங்கிய உறவான யானைக்காதுச் செடியை, அதாவது அலோகேசியாவை, யாரும் பூவுக்காக வளர்ப்பதில்லை. வெளிறிய மடலுக்குள் ஒளிந்திருக்கும் அதன் பூக்கதிர் கண்ணிலேயே படாமல் போகலாம். இலைதான் அதன் அழகு.

நர்சரிகளில் அதிகம் விற்பது 'அமேசானிகா'. கரும்பச்சை இலை, வெண்மையான தடித்த நரம்புகள், அலை அலையான விளிம்பு. பெயரைப் பார்த்துத் தென் அமெரிக்கச் செடி என்று நினைத்துவிட வேண்டாம். 1950களில் மயாமியில் சால்வடார் மாரோ என்ற தபால்காரரின் 'அமேசான் நர்சரி'யிலிருந்து பரவிய கலப்பினம் இது. அதன் பெற்றோரில் ஒன்றான சாண்டெரியானா, பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவுக்கே உரியது. காடு அழிந்ததாலும், அழகுக்காகத் தோண்டி விற்றதாலும் இன்று அது அங்கேயே அருகிவிட்டது. பிள்ளை உலகெங்கும் வீடுகளில் செழிக்க, பெற்ற செடி காட்டில் தவிப்பது வேதனை. ஆகவே, அரிய வகை எதை வாங்கினாலும் திசு வளர்ப்பு நாற்றா என்று கேட்டு வாங்குங்கள்.

விடியற்காலையில் இலை நுனியைப் பாருங்கள்; ஒரு சொட்டு நீர் தொங்கும். அது பனித்துளி அல்ல. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் மட்டும் நீரை உறிஞ்சியபடி இருக்கும். உள்ளே ஏறும் அழுத்தத்தில் மிகுதி நீர் நுனி வழியே கசிகிறது.

இந்த அழகுக்குள் ஊசிகளும் உண்டு. திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்தால் அவை வாயில் குத்தும். நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். கீரைச்சேம்பு என்று நினைத்துச் சமைத்துவிடக் கூடாது. தவழும் குழந்தை, நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்டை நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வளர்ப்பில் முதல் எதிரி தேங்கும் நீர், கிழங்கு அழுகிவிடும். செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். உச்சி வெயில் இலையைக் கருக்கும். வெளிச்சம் நிறைந்த நிழல் வேண்டும். ஏசி அறையின் வறண்ட காற்றில் ஓரங்கள் பழுப்பாகும், சிலந்திப்பேன் ஏறும். ஈரத்துணியால் இலையின் இருபக்கமும் துடைத்து வாருங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிருக்கு இலைகள் எல்லாம் வாடி விழலாம். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், வெயில் காலம் வந்ததும் துளிர்க்கும்.