உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்குப் பரிசு, நோயாளிக்கு என்ன?

● குடும்ப டாக்டரைப் பார்க்க 48 மணி நேரத்துக்குள் இடம் தர வேண்டும் என்று பிரிட்டன் அரசு இலக்கு வைத்தது. எட்டிய கிளினிக்குகளுக்குக் கூடுதல் பணம். சில கிளினிக்குகள் சுலபமான வழி கண்டுபிடித்தன. அடுத்த வாரத்துக்கு முன்பதிவு கேட்டால் "கிடையாது, அன்றைக்கே போன் பண்ணுங்கள்" என்றுவிட்டன. முன்பதிவே இல்லாதபோது காத்திருப்பு எங்கிருந்து வரும்? 2005 தேர்தல் சமயம், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பெண்மணி இதைப் போட்டு உடைத்தார். எதிரே இருந்த பிரதமர் டோனி பிளேருக்கு அது புதுச் செய்தி!

● அதே நாட்டில் 2004 முதல் டாக்டர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போல மதிப்பெண். ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது முதல் கிளினிக் நிர்வாகம் வரை எல்லாம் சேர்த்து, தொடக்கத்தில் மொத்தம் 1,050 புள்ளி. புள்ளிக்கு இத்தனை பவுண்டு. ஸ்காட்லாந்து 2016இல் இதைக் கைவிட்டது.

● சீனாவின் அரசு ஆஸ்பத்திரிகள் மருந்தை வாங்கிய விலைக்கு மேல் 15 சதவீதம் வைத்து விற்கலாம் என்று இருந்தது. சீட்டு நீண்டால் கல்லா நிறையும். விலை கூடின மருந்து என்றால் இன்னும் நல்லது! 2009இல் அடிமட்ட சுகாதார நிலையங்களில் தொடங்கி, 2017இல் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த லாபத்துக்குத் தடை வந்தது. மருந்தில் போன வருமானத்தை ஈடுகட்ட, டாக்டரின் சேவைக் கட்டணத்தை ஏற்றினார்கள்.

● நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள். மேலிருந்து வந்த இலக்கு பள்ளி ஆசிரியர் தலையில்கூட விழுந்தது. இலக்கு முறையை நாடு முழுக்கக் கைவிட 1996 வரை ஆயிற்று.

● ஆஸ்பத்திரியில் பிரசவித்தால் தாய்க்குப் பணம், அழைத்து வந்த ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கும் பணம் என்றது 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம். 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்த ஆஸ்பத்திரிப் பிரசவம், பத்தே ஆண்டில் 78.9 சதவீதம். (திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், 108 ஆம்புலன்ஸும் இடையில் வந்துவிட்டதே.)

● நம்மூரில் ரொக்கத்தைவிடப் பெரிய ஈர்ப்பு மேற்படிப்பு. அரசு டாக்டர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவ இடங்களில் பாதியை ஒதுக்கிவந்தது தமிழகம். இடையில் மத்திய விதிகளால் சிக்கல். இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டாத ஊர்களில் வேலை பார்ப்பவருக்கு நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை கூட்டித் தர மருத்துவக் கல்வி விதிகளில் இடமுண்டு. உச்சவரம்பு 30 சதவீதம். நாலாவது ஆண்டும் மலையிலேயே தங்கும் டாக்டருக்கு? அதற்கு மதிப்பெண் இல்லை.