விண்ணிலிருந்து வழிகாட்டும் விளக்கு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் திரும்பும் மீனவருக்குக் கோணேசர் மலை சிறந்ததோர் அடையாளம். அம்மலை கண்ணுக்கு மறையும் ஆழ்கடலிலோ, இன்று செயற்கைக்கோள்கள் வழிகாட்டுகின்றன. எவ்வாறு?

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் தாங்கி, தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் அறிவிக்கின்றது. அவ்வலை படகிலுள்ள கருவியை அடைய எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் படகின் இடம் புலனாகும்.

ஆயினும், கருவியின் கடிகாரம் அத்துணை நுட்பமானதன்று. ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் தவறும். இருளில் பாறையில் மோத அது போதும். அப்பிழையைத் திருத்தவே நான்காவது செயற்கைக்கோள் வேண்டப்படுகின்றது.

விண்ணிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது, தடைப்படவும் கூடும். ஆதலால் திசையறி கருவியையும் கலங்கரை விளக்கத்தையும் கடலோடி மறத்தலாகாது.