பூனைக்கு இரவில் எது இடம்?

சில ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் அழுத கண்ணோடு பள்ளிக்கு வந்தாள். அவள் வளர்த்த பூனை வாழைமரத்தடியில் செத்துக் கிடந்ததாம். உடம்பில் காயம் இல்லை; ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் இரத்தம். "நல்லா எலி பிடிக்குமே சார்!" என்று விம்மினாள். அந்த எலியே அதற்கு எமனாகியிருக்க வேண்டும்.

அசாம் ஜாவாவிலிருந்து ஜெராம் பக்கம் போனாலும் ஈஜோக் பக்கம் போனாலும் செம்பனைதான். பழக்குலையைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க, மெழுகில் பிடித்த மருந்துக் கட்டிகளை மரத்தடியில் வைக்கிறார்கள். இம்மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. வார்ஃபரின் போன்ற பழைய மருந்தை எலி பல நாள் தின்ன வேண்டும். புரோடிஃபாக்கும் போன்ற பிந்திய மருந்தோ ஒரு முறை தின்றாலே போதும். எலியின் ஈரலிலும் நெடுநாள் தங்கிவிடும். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள். இங்கே இரண்டுக்குமே போகிறது.

"பூனையை உள்ளே அடைத்தால் எலியை யார் பிடிப்பது?" என்று கேட்பீர்கள். காட்டு எலிக்குக் கூகை இருக்கிறது. பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். அதன் அலறலை அபசகுனம் என்று கல்லெறிய வேண்டாம். வீட்டு எலிக்கு, வீட்டுக்குள் உறங்கும் பூனையே போதும்.

ஆகவே, பகலில் நம் கண்பார்வையில் வாசலில் உலவட்டும். இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும். மருந்து வைக்கும் நாட்களில் பகலிலும் வெளியே விடக்கூடாது. அந்த நாட்களை மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பூனையைப் பழக்குவது கடினமல்ல. இரவுச் சோற்றைப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். சில நாளில் தானே வந்துவிடும். கருத்தடை செய்த பூனை இரவில் அலைவதும் சண்டையிடுவதும் குறையும்.

உள்ளே ஒரு தட்டில் மணல் வையுங்கள். மலத்தை அன்றாடம் அள்ளிவிட வேண்டும். அதிலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும் நிலையை அடைகிறது. கருவுற்ற தாய்மார் அந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது.

பூனை சோர்ந்து, ஈறு வெளுத்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. நாள் கடந்தால் அதுவும் பயன்படாது.

இன்று விளக்கு வைக்கும் நேரத்தில், உங்கள் பூனை எங்கே என்று ஒரு முறை பாருங்கள்.