குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகம்

மைசூர் பாங்க் சர்க்கிள் அருகே சென்ட்ரல் கல்லூரியைத் தினமும் பஸ்ஸில் கடந்து செல்லும் நம்மவர் பலருக்கு ஒரு செய்தி தெரிந்திராது. கணித மேதை ராமானுஜத்தின் முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அவ்விதழின் ஆசிரியர் இக்கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார்.

அனுப்பியவர் எஃப்.ஏ. தேறாத வாலிபர். எழுத்தோ எளிதில் விளங்காதது. பேராசிரியர் அதை ஒதுக்கிவிடவில்லை. விளங்காத இடங்களைத் திருத்தி எழுதச் செய்து, பொறுமையுடன் அச்சேற்றினார்.

1912-இல் ராமானுஜம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரி நாராயண ஐயர், அவருடன் அமர்ந்து கணக்குப் போட்டார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு தந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பயணம்.

திறமைசாலிக்கு மாலை மரியாதை பிறகு வரட்டும். முதலில் வேண்டியது வயிற்றுக்குச் சோறு, சிறிது ஓய்வு, எழுதியதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள்.

ரயில்வே ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் பழைய பாரங்களின் பின்புறத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பார். "கிறுக்கு" என்று மற்றவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தவன்தான். நாளைக்கு அவரிடம், "சார், அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்கப்போகிறேன்.