கைப்பேசித் திரைக்கு ஏற்ற தன்விவரக் குறிப்பு

மேல்நிலை வகுப்பை முடிக்கும் எல்லா மாணவர்களும் உடனே கல்லூரிக்குச் செல்வதில்லை. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களில் பலர் அந்த ஆண்டே வேலை தேடத் தொடங்குகிறார்கள். பட்டறையிலோ கடையிலோ தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமிலோ அவர்கள் கேட்கும் முதல் வாசகம் பெரும்பாலும் "ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்பதுதான். ஆனால் வகுப்பறையில் நாம் கற்றுத்தருவது தாளில் எழுதி உறையில் இட்டு அனுப்புவதற்கான வடிவம். அதே வடிவம் கைப்பேசித் திரைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டுவது அவசியம்.

எழுத்து ஏன் சிறுத்துவிடுகிறது?

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பரவலாகப் பயன்படும் கைப்பேசியின் திரை அகலம் ஏறத்தாழ 70 மி.மீ. பிடிஎஃப் கோப்பைத் திறந்ததும் முழுப் பக்கமும் திரையின் அகலத்துக்குள் அடங்கிவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து 4 புள்ளியாகத் தெரியும். பக்கம் முழுவதும் கண்முன் இருக்கும், ஆனால் ஒரு வரியையும் படிக்க முடியாது. பார்ப்பவர் விரல்களால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். வரிசையாக நாற்பது குறிப்புகளைப் பார்ப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. தகுதியுள்ள மாணவர் ஒருவர் இதனாலேயே விடுபட்டுப் போகலாம்.

மாற்ற வேண்டியவை

அட்டவணையைத் தவிர்க்கலாம். தேர்வு, பள்ளி, ஆண்டு, மதிப்பெண், சதவீதம் என்று ஐந்து கட்டங்களில் எழுதுவது நம் பழக்கம். கைப்பேசியில் முதலில் படிக்க முடியாமல் போவது அதுதான். அதையே இரண்டு குறுகிய வரிகளாக எழுதலாம்:

பிளஸ் 2, அடிப்படை இயந்திரவியல், 2025 – 78%
அரசு மேல்நிலைப் பள்ளி (ஊர்ப் பெயர்)

பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரிக்கும் அழகான மாதிரிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவையும் திரைக்கு ஏற்றவை அல்ல. மேலிருந்து கீழாக ஒரே பத்தியாக அமைப்பதே நல்லது.

எழுத்தளவை 14 புள்ளியாகவும், தலைப்புகளை 18 புள்ளியாகவும் தடித்த எழுத்திலும் வைக்கலாம். பக்க ஓரங்களை அரை அங்குலமாகக் குறைக்கலாம். கைப்பேசியில் மட்டுமே பார்ப்பார்கள் என்று தெரிந்தால் பக்க அளவை ஏ4-க்குப் பதிலாக ஏ5 என மாற்றுவது இன்னும் எளிய வழி. அதன் அகலம் 148 மி.மீ. என்பதால் சுருக்கம் ஏறத்தாழப் பாதியளவோடு நின்றுவிடும். பக்கம் இரண்டானாலும் கீழே நகர்த்திப் படிப்பது எளிது.

முதல் சில வரிகளில் பெயர், விரும்பும் வேலை, கைப்பேசி எண், ஊர் ஆகியவை வந்துவிட வேண்டும். "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன்" என்ற மனப்பாட வாக்கியத்தால் பயனில்லை. "இருசக்கர வாகனப் பழுதுநீக்கத்தில் பயிற்சிப் பணி வேண்டும்" என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே புரியும்.

தமிழில் தயாரிப்பவர்கள் ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தெரியும்.

அனுப்பும் முறை

தாளைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப் படத்தின் தரத்தைக் குறைத்துவிடுவதால் எழுத்து மங்கும். எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. பிடிஎஃப் ஆக மாற்றி, 'ஆவணம்' என்ற வழியில் அனுப்ப வேண்டும். கோப்பின் பெயர் 'ரெஸ்யூம் புதியது 2' என்று இருந்தால் நூறு கோப்புகளுக்கு நடுவே தேட முடியாது. மாணவரின் பெயரும் படிப்பும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

எதை எழுதக் கூடாது?

வாட்ஸ்அப்பில் போகும் கோப்பு எத்தனை பேர் கைக்கு மாறும் என்று சொல்ல முடியாது. ஆதார் எண், வங்கி விவரம், முழு வீட்டு முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவை முதல் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. ஊரும் மாவட்டமும் போதும். சாதி, மதம், திருமண நிலை ஆகியவையும் வேண்டாம். மாணவிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விவரம் குறையக் குறைய எழுத்தைப் பெரிதாக்க இடமும் கிடைக்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் தங்கள் குறிப்பைத் தட்டச்சு செய்யட்டும். ஆசிரியர் தம் கைப்பேசியில் அதைத் திறந்து, பெரிதாக்காமல், வேறொரு மாணவரிடம் பத்து விநாடி காட்டட்டும். பிறகு மூன்று கேள்விகள்: இவர் யார்? என்ன வேலை கேட்கிறார்? எப்படித் தொடர்புகொள்வது? மூன்றுக்கும் விடை வந்தால் குறிப்பு தயார். வராவிட்டால் எந்த வரி தடுத்தது என்று மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்துவார்கள். ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பயன் உண்டு. பெற்றோர் குழுவுக்கு நாம் அனுப்பும் சுற்றறிக்கையையும் அதே சிறிய திரையில்தான் அவர்கள் படிக்கிறார்கள். அடுத்த அறிவிப்பை அனுப்பும் முன் இதே மூன்று கேள்விச் சோதனையை அதற்கும் செய்து பார்க்கலாம்: எதற்கு, எப்போது, எங்கே?